மூன்றாம் வகுப்புக்கு ஒளி வளையாது

என் பிள்ளைக்கு,

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக இல்லாத இடங்களையும் விடமாட்டேன். எழுதி முடித்த பிறகு எதையும் அடித்துத் திருத்துவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா என்றும் தெரியாது. அதனால் பிள்ளை என்றே கூப்பிடுகிறேன். நான் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கும்போது நீ வேலைக்குப் போகிற வயதில் இருப்பாய், எனக்குத் தலை நரைத்திருக்கும். பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். மும்பையில், தாராவியில் எங்கள் சந்து முடிகிற இடத்தில் உள்ள வாசகசாலையில் பழைய மாத இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றில் இப்படிப்பட்ட கடிதம் அடிக்கடி வரும். மகனுக்குக் கல்யாணம் ஆகும்போதோ, மகள் வெளிநாடு போகும்போதோ, எழுதுகிறவருக்கு உடம்பு தள்ளாமல் போகும்போதோ எழுதியிருப்பார்கள். எல்லாவற்றிலும் எனக்கு ஒரே குறை. எழுதுகிறவர்கள் எல்லோரையும் மன்னித்து முடித்திருப்பார்கள். அன்று அவர் என்னை அவமானப்படுத்தினார், இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது என்று ஒரே வரியில் போய்விடுவார்கள். படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் கிடைக்கும். அவமானம் எப்படி இருந்தது என்று தெரியாமலே அது வளர்ந்துவிடும். வயதானால் எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று அம்மா சொல்கிறாள். அதனால்தான் மன்னிப்பதற்கு முன்பே எழுதிவைக்கிறேன். நேற்றுதான் பள்ளி ஆண்டு விழா முடிந்தது. கோபம் இன்னும் சூடு ஆறவில்லை.

உனக்குத் தமிழ் படிக்க வராமல் போயிருக்கலாம். என் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிற பலர் கடைப் பலகையையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். அப்படியானால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள். ஆனால் வாசிக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள். எந்த இடத்தில் அவர் தாண்டிப் போகப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர் வைதேகி மிஸ். மாட்டுங்காவில் என் பள்ளியில் எங்களுக்கு அறிவியல் எடுக்கிறார். சின்ன வகுப்புகளின் அறிவியலுக்கும் அவர்தான் பொறுப்பு. செம்பூரிலிருந்து வருகிறார். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேச மாட்டார். அவர் மோசமான டீச்சர் என்று நீ நினைத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உண்மை எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். அவர் நடத்தினால் பாடம் புரியும். எட்டாம் வகுப்பில் ஒளியைப் பற்றி அவர் நடத்தியபோது நான் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. காற்றிலிருந்து தண்ணீருக்குள் சாய்வாக நுழையும் ஒளி திசை மாறும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இதை மறந்துவிடாதே. அவர் செய்ததை நான் மன்னிக்க முடியாததற்கு முக்கியமான காரணம் இது.

எங்கள் பள்ளியில் ஆசிரியர் தினத்தன்று பெரிய வகுப்புப் பிள்ளைகள்தான் டீச்சர்கள். பெண்கள் சேலை கட்டிக்கொண்டு, பையன்கள் அப்பாவின் பேண்ட்டை பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு, சின்ன வகுப்புகளுக்குப் போய்ப் பாடம் நடத்துவோம். உண்மையான டீச்சர்கள் அவர்கள் அறையில் உட்கார்ந்து சமோசா சாப்பிடுவார்கள். எங்களில் பலர் பிள்ளைகளைப் பாட்டுப் பாட விட்டுவிட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். எனக்கு மூன்றாம் வகுப்பும் ஒளி என்ற பாடமும் கிடைத்தன. நான் ஒப்பேற்றவில்லை. வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டைகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, காம்பஸ் முனையால் ஒரே இடத்தில் துளை போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அடுத்தவன் கல்யாணத்துல எல்லாம் ஓட்டை போடுதா பாரு" என்றாள். காலையில் எனக்குச் சேலை கட்டிவிட்டவளும் அவள்தான். "வயித்த எக்கிக்கோட்டி. பாடம் நடத்துததுக்கு மூச்சு எதுக்கு." அப்பா வாஷி மார்க்கெட்டில் வெங்காய மண்டிக்கு வேலைக்குப் போகிறவர், அன்று என்னைப் பார்ப்பதற்காகவே ஒரு ரயிலை விட்டுவிட்டு நின்றார். "டீச்சரம்மா, நமக்கும் ஒரு அட்மிஷன் கெடைக்குமா?" என்று கேட்டார். "உங்களுக்கு வயசு தாண்டிட்டு" என்றேன். அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

அன்று மழை விட்டு வெயில் வந்திருந்தது. வகுப்பு ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். மூன்று பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு அட்டையைப் பிடிக்கச் சொன்னேன். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து துளைகள் வழியாக ஜன்னலைப் பார்த்தார்கள். துளைகள் ஒரே நேரில் இருந்தால் வெளிச்சம் தெரியும். ஒரு அட்டை நகர்ந்தால் போய்விடும். நடுவில் பிடித்திருந்த பையனுக்குக் கை ஆட, "அரே, கோன் ஹிலாயா?" என்று, ஆட்டினது யார் என்று கேட்டுப் பின்னாலிருந்து சண்டை. ஒளி நேராகப் போகிறது என்று நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை, அவர்களே சொல்லிவிட்டார்கள். பிறகு டிபன் டப்பா மூடியால் வெயிலை வாங்கிக் கூரையில் விட்டோம். அது ஓடும் இடமெல்லாம் கழுத்தை வளைத்துப் பார்த்தார்கள். கண்ணாடி வழியாக ஒளி முழுவதும் போகும், அட்டை வழியாகப் போகாது, கொஞ்சமாகப் போவது எது என்று கேட்டு, வடாபாவ் கட்டிவந்த எண்ணெய்த் தாளைத் தூக்கிக் காட்டினேன். "இது எங்க டிபன் காகிதம்" என்று மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். பாடப் புத்தகத்தில் இருந்தது அவ்வளவுதான். நான் முடித்திருக்க வேண்டிய இடமும் அதுதான்.

அந்த வகுப்பில் எங்கள் சந்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வீட்டில் இசக்கியம்மாள், பள்ளிக்கூடத்தில் இஷிகா. அவளுக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். நான் குடிப்பதற்கு மேசைமேல் வைத்திருந்த கண்ணாடி தம்ளரில் அவள் தன் பென்சிலைப் போட்டாள். பார்த்தாள். எடுத்தாள். மறுபடியும் போட்டாள்.

"யக்கா, பென்சிலு ஒடைஞ்சு தெரியி."

"டீச்சர்னு சொல்லு."

"டீச்சர், ஒளி நேராத்தான் போவும்னு சொன்னிய. அப்ப இது என்னது?"

எல்லோரும் தம்ளரைச் சுற்றி வந்துவிட்டார்கள். பெரிய வகுப்புக்குப் போனால் படிப்பாய் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடம் இப்படி ஒரு கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஒரு பிள்ளை கண்ணால் பார்த்ததைக் கேட்கிறது, எனக்குப் பதில் தெரிந்திருக்கிறது. தெரியாத மாதிரி எப்படி இருப்பது? சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நல்ல ரோடு, அந்தப் பக்கம் மழைச் சேறு என்றேன். சேற்றில் சின்னச் சின்ன அடிதான் வைக்க வேண்டும். நாலு பேரைக் கைகோத்துக்கொண்டு கோட்டை நோக்கிச் சாய்வாக நடக்கச் சொன்னேன். முதலில் கோட்டைத் தாண்டினவள் மெதுவாகிவிட்டாள், தாண்டாதவர்கள் வேகமாகவே வந்தார்கள், யாரும் சொல்லாமலே வரிசை திரும்பிவிட்டது. அவர்களுக்கே ஆச்சரியம். திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒளியும் இப்படித்தான், தண்ணீருக்குள் போனால் அதற்கு வேகம் குறைகிறது, அதனால் திரும்புகிறது என்றேன். மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை. பிள்ளையே, உனக்கு எந்த வேலை கிடைத்தாலும் சரி, ஒரு முறையாவது இப்படி ஒரு மணி அடிக்க வேண்டும்.

பிறகு மூன்றாம் வகுப்புக்குத் தேர்வு வந்தது. கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில்தான், உனக்குத் தமிழில் சொல்கிறேன். ஒளி டேஷ் கோட்டில் செல்லும், கோடிட்ட இடத்தை நிரப்புக. நேர் என்று மட்டும் எழுத வேண்டிய இடத்தில் அந்த வகுப்பே, நேர், ஆனால் தண்ணீரில் திரும்பும் என்று எழுதியிருந்தது. இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, பக்கத்தின் உச்சிவரை போயிருந்தார்கள். சிலர் பக்கத்திலேயே தம்ளர் வரைந்திருந்தார்கள். எல்லாவற்றிற்கும் தப்பு போட்டுவிட்டார்கள். பெற்றோர் வந்து விடைத்தாள் பார்க்கும் நாளில் சத்தம் எழுந்தது. ஒரே கேள்வியில் வகுப்பே தப்பு என்றால் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். பிரின்சிபால் வைதேகி மிஸ்ஸைக் கூப்பிட்டார். மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

வராந்தாவில் என்னைச் சுவர் ஓரமாக நிறுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, தமிழில் பேசினார். அதுவரை என்னிடம் அவர் தமிழ் பேசியதே இல்லை.

"கொழந்தேளுக்கு என்னடி சொல்லிக் குடுத்தே?"

"லைட், மிஸ்."

"லைட்டுன்னு தெரியறது. தண்ணியில வளையும்னு ஒன்னை யார் சொல்லச் சொன்னா? அவா போர்ஷன்ல இருக்கா அது?"

"இஷிகா பென்சிலைப் போட்டுக் கேட்டா மிஸ். பார்த்ததைத்தான் கேட்டா."

"கேட்டா, அப்புறம் படிப்பேன்னு சொல்லி உக்காத்தி வெக்கணும். கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்றதுக்கா ஒனக்குப் பொடவை கட்டிண்டு போகச் சொன்னோம்?"

"நீங்கதானே மிஸ் எங்களுக்கு நடத்தினீங்க."

"நான் இல்லேங்கலையே. ஒனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூணாம் கிளாஸுக்குத் தெரிய வேண்டாம். நாளைக்குப் போய், நான் சொன்னது தப்பு, லைட் எப்பவும் நேராத்தான் போகும்னு சொல்லிட்டு வந்துடு. நானும் கூட வரேன்."

"அது பொய் மிஸ்."

"பொய்யில்லை. போர்ஷன்."

பெரியவர்கள் உன்னைப் பொய் சொல்லச் சொல்லும்போது கத்த மாட்டார்கள், பிள்ளையே. குரல் இறங்கிவிடும், உன் தோளில் கை வரும், உன்னோடு பேசாத ஒரு மொழியில் திடீரென்று சொந்தக்காரர் மாதிரி பேசுவார்கள். அந்த நேரத்தில் மனம் குளிர்ந்துபோகாதே. எனக்குக் குளிர்ந்தது. மிஸ் என்னிடம் தமிழ் பேசிவிட்டாரே என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கும் சேர்த்துத்தான் அவர்மேல் கோபம்.

மறுநாள் சேலை இல்லை, டை கட்டிய யூனிஃபார்ம். மிஸ் வாசலில் நின்றுகொண்டார். நான் உள்ளே போய், அன்றைக்கு நான் சொன்னது தவறு, ஒளி எப்போதும் நேராகத்தான் போகும் என்று மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். இசக்கி மட்டும் எழுந்தாள்.

"அப்போ அன்னைக்குப் பொய்யா சொன்ன?"

"ஆமா."

"அப்ப பென்சிலு?"

"அது உன் கண்ணு. கண்ணு சில சமயம் ஏமாத்தும்."

கடைசியாகச் சொன்னதை மிஸ் சொல்லச் சொல்லவில்லை. அங்கிருந்து சீக்கிரம் வெளியே வர வேண்டும் என்று நானாகச் சேர்த்தது. இசக்கி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவள் நம்பிவிட்டாள்.

சில நாள் கழித்து, இட்லிக்கு மாவு அரைக்கும் இடத்தில் இசக்கியின் அம்மா என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் மாவுக்கான தூக்குப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒங்க பிள்ள என்னத்தச் சொல்லிக் குடுத்தாளோ மதினி, வீட்டுல ஒரு தம்ளர வெக்க முடியாது. பென்சிலு, கரண்டி, வாரியக் குச்சி, எல்லாத்தையும் தண்ணில போட்டுட்டு ஒத்தக் கண்ணால பாத்துக்கிட்டே கெடப்பா. காப்பிலகூட போட்டா. இப்பதான் நாலஞ்சு நாளா இல்ல. வுட்டுட்டா. அப்பாடின்னு இருக்கு." அவள் நிம்மதியாகச் சிரித்தாள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு பிள்ளை பார்ப்பதையே விட்டுவிட்டது. மிஸ்ஸுக்குப் பிரின்சிபாலிடம் ஒரு கெட்ட பெயர் வராமல் இருப்பதற்காக. அன்றுதான் நான் இரண்டு முடிவுகள் எடுத்தேன். இசக்கி மறுபடியும் தம்ளருக்குள் பார்க்க வேண்டும். அவளைப் பார்க்கவைப்பது வைதேகி மிஸ்ஸின் கையாகவே இருக்க வேண்டும், எல்லோர் முன்னாலும்.

அதற்கு முன் நான் நினைத்துப் பார்த்த பழிகளையும் சொல்லிவிடுகிறேன். பெரிய அதிகாரியாகி இதே பள்ளிக்கு வந்து மிஸ்ஸை நிற்கவைத்து மூன்றாம் வகுப்புக் கேள்விகளாகக் கேட்பது. அவர் ஓய்வு பெறும் விழாவில் எழுந்து ஒரே ஒரு வரி பேசிவிட்டு உட்காருவது. எல்லாவற்றிலும் ஒரே கஷ்டம், நாள் ஆகும்; அதற்குள் இசக்கி வளர்ந்துவிடுவாள். அப்பாவிடம் நடந்ததை மட்டும் சொன்னேன். "வுடுளா. டீச்சர்மாருகிட்ட என்ன வீம்பு. மன்னிச்சிரு, மனசு லேசாயிரும்" என்றார். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, "மன்னிக்கதெல்லாம் மெதுவாப் பண்ணலாம், எங்கயும் ஓடிராது" என்றாள்.

பழிவாங்குவதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பிள்ளையே, அம்மாவிடம்தான் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கோவண்டியில் எனக்கு ஒரு அத்தை இருக்கிறாள், அப்பாவின் அக்கா. நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு வளைகாப்பு நடந்தது. அப்போது வளையல் போட்டுக்கொண்டே அத்தை, "பொட்டப் பிள்ளையாப் பொறந்து, ஒன்ன மாதிரிக் கருப்பாவும் இருந்துட்டா எந்தம்பி என்ன செய்வான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளாம். அம்மா அதற்காக இன்றுவரை சண்டை போட்டதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் சர்க்கரைப் பொங்கல் வைத்து, ஒரு தூக்கு நிறைய, என் கையில் கொடுத்து அனுப்புவாள். தூக்கை வைத்த பையில் என் மார்க் ஷீட்டும் இருக்கும். "மார்க் ஷீட் எதுக்கும்மா?" என்றால், "மாமாவுக்குப் படிக்கப் பிடிக்கும்லா" என்பாள். மாமாவுக்குக் கண்ணே சரியாகத் தெரியாது. "தூக்க வாசல்ல வெச்சுட்டு வந்துராத. உள்ள போயி, வெளிச்சத்துல உக்காந்து, அவ கையில குடு. ஒன் மூஞ்சிய நல்லாப் பாக்கட்டும்." அத்தை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கியாளா?" என்பாள். நல்லா இருக்கேன் அத்தை என்பேன். அம்மாவின் பழி ஆண்டுக்கு ஒரு முறை, முந்திரிப் பருப்போடு, மரியாதையாக நடக்கிறது. ஒருவர் எதைப் பார்க்க விரும்பவில்லையோ, அதை அவர் கையிலேயே கொடுத்து வெளிச்சத்தில் பார்க்கவைப்பது. இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

ஆண்டு விழா நெருங்கியபோது மிஸ் என்னை அழைத்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக்கொண்டு ஒளியைப் பற்றி ஒரு சின்ன நிகழ்ச்சி செய்ய வேண்டும், கொடுத்த வேலையை முடிக்கிறவள் நீ ஒருத்திதான் என்றார். "நடந்ததை நான் மனசுல வெச்சுக்கலை. ஒனக்கு ஒரு சான்ஸ் குடுக்கறேன். நேரா மட்டும், நிழல் மட்டும். புரியறதா?" புரிகிறது மிஸ் என்றேன். அவர் என்னை மன்னித்திருந்தார். செய்யாத தப்புக்கு உன்னை யாராவது மன்னித்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன், முகம் முழுக்கச் சூடாகும், ஆனால் தேங்க்யூ என்றுதான் வாயில் வரும்.

நிகழ்ச்சியை மிஸ் சொன்னபடியே தயாரித்தேன். வெள்ளைத் துணிக்குப் பின்னால் கைகளால் மான், நாய், பறவை, டிபன் மூடிகள், அட்டைக் கதிர்கள் ஒட்டிய சூரியனாக இசக்கி. குழந்தைகளிடம் வேறு எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்குத்தான் திட்டு விழும்; என் பழிக்கு அவர்கள் திட்டு வாங்கக் கூடாது. பள்ளி ஆய்வகத்தில் மீன் இல்லாத பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. சூரியனுக்குக் கீழே கடல் மாதிரி வைக்கலாம் என்று கேட்டு வாங்கினேன். அது பொய். எழுதிவிட்டேன். அப்பா வாஷி ரயிலில் விற்றவனிடம் வாங்கிவந்த, சாவிக்கொத்தில் மாட்டும் லேசர் விளக்கு என்னிடம் இருந்தது. தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து, மேலே ஊதுபத்திப் புகை விட்டால், இருட்டில் அந்தச் சிவப்புக் கோடு காற்றிலும் தெரியும், தண்ணீரிலும் தெரியும். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள், "பாலு காச்சினதா, காச்சாததா?" நேற்றுச் சாயங்காலம் ஃபிளாஸ்கில் பால் எடுத்துக்கொண்டு நல்ல சேலை கட்டி வந்து, தொட்டிக்கு வேண்டியதை எனக்கு ஒரு தம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நிழல் ஆட்டம் நன்றாகவே போனது. பறவைக்குக் கைதட்டல் விழுந்தது. எல்லோரும் வணக்கம் சொல்லி முடித்ததும் நான் மைக்கை வைக்கவில்லை. ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினேன். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். "இன்னும் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் தினத்தில் இந்தக் குழந்தைகளிடம் ஒளி தண்ணீரில் திரும்பும் என்று சொன்னேன். பிறகு வந்து, நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். இரண்டில் எது சரி என்று இவர்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கு ஒளியைக் கற்றுக்கொடுத்தவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். வைதேகி மிஸ் மேடைக்கு வந்து காட்ட வேண்டும்."

முழுவதையும் யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு மாணவி தன் டீச்சரை மேடைக்கு அழைக்கிறாள் என்பது மட்டும் அவர்களுக்குக் கேட்டது. மேடைக்கு அழைத்தால் மரியாதை செய்யத்தான் என்பது மாட்டுங்காவில் எல்லோருக்கும் தெரியும். ஹால் முழுக்கக் கைதட்டியது. விழாக் குழுவில் சட்டையில் பேட்ஜ் குத்திய ஒரு பெரியவர், நிகழ்ச்சி நிரலில் தனக்குச் சொல்லாமல் எதையோ சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து, ஓடிப்போய்ப் பொன்னாடை ஒன்றை எடுத்துவந்தார். மிஸ்ஸால் எழாமல் இருக்க முடியவில்லை. அவர் படியேறி வருவதற்குள் தொட்டியில் பாலைக் கலந்து ஊதுபத்தியைக் கொளுத்தினேன். பெரியவர் பொன்னாடையைப் போர்த்தினார், ஃபோட்டோக்காரர் ஒன்று எடுத்தார், மறுபடியும் கைதட்டல். பள்ளிப் பெற்றோர் எல்லோர் முன்னாலும், தோளில் ஜரிகையோடு, நான் வைத்த தொட்டிக்கு முன்னால் வைதேகி மிஸ் நின்றார். அவர் கையில் லேசர் விளக்கைக் கொடுத்தேன். இந்தக் கணத்தைத்தான் நான் எத்தனையோ முறை மனத்தில் நடத்திப் பார்த்திருந்தேன். நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

மிஸ் மைக்கைக் கையால் மூடினார்.

"பழி வாங்கறயாடி?"

"ஆமா மிஸ்."

அவர் என்னையே பார்த்தார். மேடையை விட்டு இறங்கிவிடுவார் அல்லது பிள்ளைகளே நேரமாகிவிட்டது என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் குனிந்து தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்தார். பிறகு, வகுப்பில் என் படத்தைத் திருத்தும்போது வரும் அதே குரலில், "பாலை ஜாஸ்தி விட்டுட்டே. பாதி வழியிலேயே மங்கிடும். கொஞ்சம் எடுத்துக் கொட்டிட்டு நல்ல தண்ணி விடு" என்றார். நான் ஒரு மக்கை எடுத்து மொண்டேன். "ஊதுபத்தியை இந்தண்டை வை. ஃபேனை நிறுத்தச் சொல்லு, பொகை நிக்காது." ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். உண்மை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, அந்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தபோது பழிவாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. இது என் கட்சிக்கு நல்லதில்லை. அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பிரின்சிபால் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் முகத்தை மிஸ்ஸும் பார்த்தார், அதைப் பார்த்து எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

மிஸ் இசக்கியைக் கூப்பிட்டார். அவள் வந்து, தொட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். தலையைச் சுற்றியிருந்த அட்டைக் கதிர்கள் கண்ணாடியில் இடித்தன. மிஸ் அவற்றைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அவளைத் தொட்டிக்கு முன்னால் நெருக்கமாக நிறுத்தினார். முன்வரிசைக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அம்மா மட்டும் உட்கார்ந்தபடி ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இது டெஸ்ட்டுக்கு வருமா?" என்று இசக்கி கேட்டாள். மைக்கிலிருந்து கையை எடுத்திருந்ததால் அது ஹால் முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

"வராது" என்றார் மிஸ். "நீ பாரு."

பிறகு மேடை ஓரத்தில் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற பியூனைப் பார்த்து, "லைட் பந்த் கரோ" என்றார். ஹாலில் எல்லா விளக்குகளும் அணைக்கப்பட்டன.